நான் நிறுத்திய சீர்த் தட்டு

ஊழியர்களுக்கு வரி விழாமல் என்னென்ன கொடுக்கலாம் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். பணியாளர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அது உடனே வேண்டும், தீபாவளி வருகிறது, புரிகிறது. சொல்லிவிடுகிறேன். வேலை நேரத்தில் கொடுக்கும் டீ, வடைக்கு வரி இல்லை. பொருளாகவோ கூப்பனாகவோ கொடுக்கும் அன்பளிப்பு வருடத்துக்கு ஒரு வரம்புக்குள் இருந்தால் வரி இல்லை. என் காலத்தில் அந்த வரம்பு ஐயாயிரம். அதையே ரொக்கமாகக் கொடுத்தால் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். வரம்புகள் மாறிக்கொண்டே இருக்கும், ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

இதைச் சொல்ல ஓய்வு பெற்ற கிழவன் ஒருவன் தேவையில்லை. உங்கள் கையிலிருக்கும் போனே என்னைவிட நன்றாகச் சொல்லும். போன் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். அது நான் செய்த ஒரு காரியம். இத்தனை வருடத்தில் என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இதை முதலாளியும் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

முதலில் என் புத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. விதி இல்லாத இடத்தில் ஒரு விதி போட்டுவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். நான் மேனேஜர் ஆன புதிதில் டீக்கு டோக்கன் கொண்டுவந்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டோக்கன், கணக்கு சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். உலைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் வியர்வையில் நனைந்த சட்டைப் பையில் வைத்து, மூன்றாம் நாளே டோக்கன்கள் எல்லாம் கூழாகிவிட்டன. டீ ஊற்றும் அம்மா என்னிடம் வந்து, "சார், தாகத்துக்கெல்லாம் டோக்கன் கேட்டா நான் எப்படிங்க ஊத்தறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கே பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

நம் கம்பெனியில் பெரிய முதலாளி காலத்திலிருந்து ஒரு பழக்கம் உண்டு. தொழிலாளி வீட்டில் கல்யாணம் என்றால் கம்பெனி சார்பில் சீர் போகும். ஒரு பெரிய பித்தளைத் தட்டு, அதில் பட்டுச் சேலை, குத்துவிளக்கு, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. அந்தப் பிரிவு ஆட்கள் நாலைந்து பேர் கூட வர, ஆபீசர் ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்து போவார். மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றும் பெண்ணின் வீடானாலும் சரி, என் வீடானாலும் சரி, அதே தட்டுதான். என் மகள் கல்யாணத்துக்கும் அது வந்தது. அன்று என் சம்பந்தி என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்படி ஒரு பெருமை.

அந்த வருடக் கடைசியில் ஆடிட்டர் கணக்குப் பார்த்தபோது, தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த குக்கரும் இந்தச் சீரும் சேர்ந்து எனக்கு வரம்பைத் தாண்டிவிட்டது என்றார். வரியாக ஆயிரம் ரூபாய் சொச்சம் பிடித்தார்கள். பெரிய தொகை இல்லை. ஆனாலும் எனக்கு முள்ளாய்க் குத்தியது. என் மகளுக்கு வந்த மரியாதைக்கு நான் எதற்கு வரி கட்ட வேண்டும் என்று வீட்டிலும் ஆபீசிலும் புலம்பினேன். புலம்பிவிட்டு உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டேன்.

திட்டம் இதுதான். இனிமேல் சீர் கிடையாது. அதற்குப் பதிலாக எல்லோருக்கும் தீபாவளிக்கு ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு ஜவுளிக்கடை கூப்பன். கல்யாணம் இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே மாதிரி. யாருக்கும் வரி இல்லை. மீட்டிங்கில் நான் இதை விளக்கியபோது முதலாளி மேஜையைத் தட்டி, "இத்தன நாளா இது நம்ம யாருக்கும் தோணலியேப்பா" என்றார். கூப்பன் கையில் கிடைத்ததும் தொழிலாளர்களிலும் பாதிப் பேருக்கு மேல் சந்தோஷப்பட்டார்கள். அதை மறைக்கக் கூடாது. மோசமான திட்டம் என்று யாரும் அன்று சொல்லவில்லை. பித்தளைத் தட்டைத் துணியில் சுற்றி ஸ்டோருக்கு அனுப்பிவைத்தேன்.

மூன்று வாரம் ஆகியிருக்கும், தீபாவளி இன்னும் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை, கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை செய்யும் சாந்தாமணி என் அறைக்கு வந்தார். பதினாறு வருடமாகக் கம்பெனியில் இருக்கிறவர். கணவர் இறந்து ஏழெட்டு வருடம் இருக்கும், ஒரே பெண். வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை என் மேஜையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், கிணத்துக்கடவில் மண்டபம், மாப்பிள்ளை பெருந்துறைக்காரர்.

"நம்ம கம்பெனி சீரு எத்தன மணிக்குங்க சார் வரும்?" என்று கேட்டார். "எட்டரைக்குள்ள வந்தாத் தேவலைங்க. ஒம்பதுக்கு முகூர்த்தமுங்க."

நோட்டீஸ் போர்டில் ஒட்டியதை அவர் படிக்கவில்லை. படித்திருந்தாலும் அது தனக்கு என்று தோன்றியிருக்காது. சீர் நின்றுவிட்டது, அதற்குத்தான் கூப்பன் கொடுத்தோம் என்று சொன்னேன்.

"சார், என்ற அண்ணமாரு ரெண்டு பேரும் வரமாட்டாங்கங்க. தோட்டங்காட்டுப் பங்குல தகராறு ஆகிப் பேச்சுவார்த்தையே இல்லீங்க. மாமன் சீரு யாரு கொண்டாறாங்கன்னு மாப்பிள்ளை ஊட்டுல கேட்டாங்க. எங்க கம்பெனில இருந்து வரும்னு சொல்லிப்போட்டேனுங்க. அப்பனும் இல்லாம மாமனும் இல்லாம என்ற புள்ள வெறுமனே நிக்கக் கூடாதுங்க."

அப்போதாவது நான் நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிரவில்லை. விதியைச் சொன்னேன். பொறுமையாக, அன்பாக வேறு சொன்னேன்.

"இங்க பாருங்க அம்மணி. கூப்பனும் வாங்கி, சீரும் வாங்கினா வரம்பு தாண்டிரும். அப்புறம் உங்களுக்குத்தான் வரி வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்படீன்னா கூப்பனத் திருப்பிக் குடுத்தர்றனுங்க. சேலையும் வேண்டாமுங்க, வெளக்கும் வேண்டாமுங்க. தட்டுல ஒரு தேங்கா, நாலு பழம் வெச்சுக் கொண்டாந்தாப் போதுமுங்க. கம்பெனில இருந்து நாலு பேரு முன்னால நடந்து வந்தாப் போதுங்க சார்."

தேங்காய் பழத்துக்கு எந்த வரம்பு தாண்டும்? ஒன்றும் தாண்டாது. எனக்கும் தெரியும். ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி என்று சொல்லி முதலாளியிடம் பாராட்டு வாங்கியவன் நான். மூன்றே வாரத்தில் நானே அதை உடைத்தால் என் திட்டத்துக்கு என்ன மரியாதை? "ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாருக்கும் செய்யணுமுங்க" என்று சொல்லிவிட்டேன். "சரிங்க சார்" என்றார். கதவு வரை போய்த் திரும்பி, "நீங்க கல்யாணத்துக்கு வந்தர்றீங்களாங்க?" என்று கேட்டார். வருகிறேன் என்று தலையாட்டினேன்.

பக்கத்து மேஜையில் சம்பளக் கணக்குப் பார்க்கும் கவிதா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். சாந்தாமணி வெளியே போனதும் எழுந்து வந்தாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. சாந்தாமணி அக்காளுக்கு டாக்ஸே வராதுங்களே. அவங்க சம்பளம் எவ்வளவுங்க? நீங்க பத்துத் தட்டு சீர் குடுத்தாலும் வராதுங்க."

என் முகத்தில் யாரோ தண்ணீரை ஊற்றியது போல இருந்தது. வைண்டிங்கில், உலையில், பேக்கிங்கில், ஷாப் முழுக்க ஒருவருக்கும் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் கிடையாது. இந்தக் கட்டிடத்தில் வரி கட்டுகிறவர்கள் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்ற சிலர்தான். இல்லாத வரியிலிருந்து அவர்களைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, என் ஆயிரம் ரூபாயை நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு எளிய விஷயம் திட்டம் போட்டபோது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் போனதுகூடத் தப்புத்தான், ஆனால் அதை மன்னிக்கலாம். தெரிந்த பிறகு நான் சொன்னதைக் கேளுங்கள்.

"எனக்குத் தெரியும்மா. நீ உன் வேலையைப் பாரு."

கவிதா போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் இப்படி எதையும் எடுத்துச் சொன்னதே இல்லை. ஒரு நல்ல ஆபீசரை அன்றைக்கே பாதி ஊமையாக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க என் கையில் இருந்தது. ஒரு போன் போட்டு, "தட்டை எடுங்கப்பா, நானே கொண்டுபோறேன்" என்று சொன்னால் முடிந்தது. முதலாளி மறுத்திருக்கவே மாட்டார். அதற்கு நான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன் என்று அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. சனிக்கிழமை வழக்கம்போல, பொருள்களை வெளியே கொண்டுபோவதற்கான கேட் பாஸ் ஒரு கட்டு கையெழுத்துக்கு வந்தது. ஒன்றையும் படிக்காமல் எல்லாவற்றிலும் போட்டேன்.

ஞாயிறு காலை போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். வருகிறேன் என்று தலையாட்டிவிட்டேனே. மொய்க் கவரைப் பையில் வைத்துக்கொண்டு, தாலி கட்டும் நேரத்துக்குப் போய் ஓரமாக நின்று, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி ரோடு காலியாகக் கிடந்தது. எட்டேகாலுக்கே மண்டப வாசலில் நின்றேன்.

வாசலில் வைண்டிங் பெண்கள் ஏழு பேர் நின்றிருந்தார்கள். நடுவில் நம் பித்தளைத் தட்டு. புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள், பளபளவென்று இருந்தது. அரக்கு நிறத்தில் பட்டுச் சேலை, குத்துவிளக்கு, தேங்காய், பழம், எல்லாம் எப்போதும் போகிற வரிசையில் இருந்தன. அவர்களில் மூத்தவள் ராணி. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்க சார், வாங்க. உங்களுக்காகத்தான் நிக்கறமுங்க. ஆபீசரு ஒருத்தரு தட்டெடுத்துட்டு முன்னால போகோணுமுங்களே. நீங்க வராமப் போயிட்டா என்ன பண்றதுன்னு பேசீட்டிருந்தமுங்க."

"இது எப்படி வந்துச்சு?" என்றேன்.

"தட்டு ஸ்டோர்ல இருந்துங்க. கேட் பாஸ்ல நீங்கதானுங்க கையெழுத்துப் போட்டீங்க." கொஞ்சம் தயங்கினாள். "மத்ததெல்லாம் கூப்பன்ல எடுத்ததுங்க. எங்க ஏழு பேருதும் சேர்த்துங்க. சேலையும் வெளக்கும் ரெண்டுமே அந்தக் கடையிலயே இருந்துச்சுங்க. அக்காகிட்டச் சொல்லீறாதீங்க சார். நீங்க மனசு மாறி அனுப்பி வெச்சீங்கன்னுதான் சொல்லியிருக்கறம்."

ஏழு வீட்டுத் தீபாவளித் துணி அந்தத் தட்டில் இருந்தது. நான் வரியில்லாமல் கொடுத்த கூப்பன்கள். தட்டைத் தூக்கி என் கையில் வைத்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் சீர் இல்லை. சொல்லாவிட்டால் நான் திருடன். நல்ல கனமான தட்டு. தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தேன், அவர்கள் என் பின்னால் வந்தார்கள்.

மேளக்காரர்கள் எழுந்து வாசித்தார்கள். சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் மைக்கை வாங்கி, "பொண்ணூட்டுக்குக் கம்பெனி சீரு வந்திருக்குதுங்க, மேனேஜரே கொண்டாந்திருக்காருங்க" என்று அறிவித்தார். பெருந்துறைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா வந்து தட்டைத் தொட்டு வாங்கி, என் தோளில் ஒரு துண்டைப் போட்டு, "இப்படி ஒரு கம்பெனி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்க" என்றார். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய? சாந்தாமணி மணவறைக்கு வராமல் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. ராணியும் மற்றவர்களும் பந்தி பரிமாறப் போய்விட்டார்கள். என்னை முதல் பந்தியில், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார வைத்தார்கள். பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

திங்கட்கிழமை காலை முதலாளி கூப்பிட்டார். கிணத்துக்கடவில் அவருக்கு உறவினர்கள் உண்டு, செய்தி போய்விட்டது. "விதி விதின்னு இருந்தாலும், எடத்துக்குத் தகுந்த மாதிரி முடிவு எடுத்துட்டீங்க. கம்பெனி பேரக் காப்பாத்திட்டீங்க" என்றார். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கதவு சாத்தியிருந்தது, அவரும் நானும் மட்டும்தான். "நன்றிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மதியம் சாந்தாமணி வந்தார். பெண்ணை அனுப்பிவைத்த களைப்பு முகத்தில் இருந்தது. இரண்டு நாள் லீவு இருந்தும் தட்டைக் கொடுக்கவென்றே வந்திருக்கிறார். மேஜையில் வைத்தார். அதில் முழுத் தேங்காய் ஒன்று, ஒரு சீப்பு பழம், ஒரு அச்சு வெல்லம்.

"கேட் பாஸ்ல திருப்பிக் கொண்டாரணும்னு எழுதியிருந்துச்சுங்க. வெறுந்தட்டாத் தரக்கூடாதுங்க, அதான்."

"இதெல்லாம் எதுக்குங்க" என்று என்னவோ முனகினேன். கல்யாணம் நன்றாக நடந்ததா என்று கேட்டேன். நானே அங்கே இருந்துவிட்டு.

"நல்லா நடந்துச்சுங்க. சேலை அரக்குக் கலருங்களே. அது ராணிக்குப் புடிச்ச கலருங்க. பாத்ததுமே தெரிஞ்சு போச்சுங்க." அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். "அவளுங்ககிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லலீங்க. ஒவ்வொருத்தி ஊட்டு விசேஷத்துக்கும் நான் திருப்பிச் செஞ்சுக்கறனுங்க. நீங்க நடந்து வந்தீங்கல்லங்க சார், எனக்கு அது போதுமுங்க."

கும்பிட்டுவிட்டுப் போனார். நான் தலை நிமிரவில்லை. கேட் பாஸில் 'திரும்ப வந்தது' என்று கையெழுத்துப் போட்டேன். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

மறு வாரம் சீரைத் திரும்பக் கொண்டுவர ஒரு குறிப்பு எழுதினேன். தொழிலாளர்களின் உற்சாகத்துக்கு அது நல்லது என்று காரணம் எழுதினேன். என் தப்பு என்று எழுதவில்லை. முதலாளி உடனே ஒப்புக்கொண்டார், அந்த நல்ல பெயரும் எனக்கே வந்தது. ராணியைத் தனியாகக் கூப்பிட்டு ஏழு கூப்பனுக்கும் ஆன பணத்தை நீட்டினேன். "நாங்க அக்காளுக்குச் செஞ்சதுக்கு நீங்க எதுக்குங்க சார் காசு குடுக்கறீங்க?" என்று கேட்டாள். கவரைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டேன். ராணி இன்னும் வைண்டிங்கில்தான் இருக்கிறாள். ஒரு நாள் போய்ப் பாருங்கள். கவிதா இப்போது உங்கள் மேனேஜர். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இதைப் படிக்கும்போது கேட்டதாக எடுத்துக்கொள்ளட்டும்.

அதனால், தீபாவளிக்கு என்ன கொடுப்பது என்று பட்டியல் போடும்போது, வரம்பைப் பார்ப்பதற்கு முன்னால் இது யாருடைய வரி என்று கேளுங்கள். உங்களுடையது என்றால் பேனாவைக் கீழே வையுங்கள். பக்கத்து மேஜையில் சின்னப் பெண் ஒருத்தி எழுந்து வந்து தப்பு என்று சொன்னால், தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை மாலை தேங்காயையும் பழத்தையும் வெல்லத்தையும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஆபீசில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. என் மனைவி பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நல்ல முத்துன தேங்காயா இருக்குதே, ஏதுங்க?" என்று கேட்டாள்.

"கம்பெனில குடுத்தாங்க" என்றேன்.